எந்த உலோகம் எதற்கு ஆகாது?

உர மூட்டை வாங்கும்போது 17:17:17 என்ற எண்ணைப் பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. விதைப் பையில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். பூச்சிமருந்து பாட்டிலில் காலாவதித் தேதியைத் தேடுகிறோம். ஆனால் மம்பட்டி, ரோட்டவேட்டர் பிளேடு, ஃபுட் வால்வு, தெளிப்பான் நாசில், பால் கேன் என்று உலோகப் பொருள் வாங்கப் போனால் கேட்பது இரண்டே கேள்விகள்தான். "என்ன விலை?", "கனமா இருக்கா?"

கனத்தை வைத்து உலோகத்தை மதிப்பிடுவது, மூட்டையின் எடையை வைத்து உரத்தை மதிப்பிடுவது போலத்தான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி போல ஒன்றிரண்டை விட்டால், தோட்டத்தில் நாம் கையாளும் உலோகம் எதுவும் தனி உலோகம் இல்லை. எல்லாம் உலோகக் கலவைதான். ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போல, சிறிதளவு சேர்மானம் உலோகத்தின் குணத்தையே மாற்றிவிடும்.

ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் பக்கம் மலையடிவாரத்தில் தென்னையும் மாவும். வத்திராயிருப்பு பக்கம் நெல். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிலும் பால்கோவாவை நம்பிக் கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஏராளம். இந்த மூன்று தொழிலுக்கும் வேண்டிய உலோகங்கள் வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குப் பகை. பத்து ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் இரண்டே ஆண்டில் போய்விட்டால் 'டூப்ளிகேட்' என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பல நேரங்களில் பொருள் டூப்ளிகேட்டே இல்லை. சேரக் கூடாத ஒன்றோடு அது சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அரிவாளில் இருக்கும் கரி

இரும்பில் இருந்தே தொடங்கலாம். சுத்தமான இரும்பு மென்மையானது. அதில் கரிமம், அதாவது கரி, சேரும்போதுதான் அது எஃகு ஆகிறது. 100 கிலோ இரும்பில் கால் கிலோவுக்கும் குறைவாகக் கரிமம் இருந்தால் அது கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற மைல்டு ஸ்டீல். கடையில் எம்.எஸ். என்பார்கள். வளைத்தால் வளையும், வெல்டிங் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கூர் நிற்காது. அதே 100 கிலோவில் 600 கிராம் முதல் 1 கிலோ வரை கரிமம் இருந்தால் அது வெட்டும் கருவிக்கான எஃகு. 2 கிலோவைத் தாண்டி 4 கிலோ வரை போனால் வார்ப்பிரும்பு. பம்பின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். எவ்வளவு பாரத்தையும் தாங்கும், ஆனால் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வளையாமல் உடையும். வார்ப்பிரும்பு பம்பில் விரிசல் விட்டால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்துப் பயனில்லை. நிக்கல் ராடு வேண்டும், பம்பைச் சூடாக்கிய பிறகு பற்றவைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அது தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

மைல்டு ஸ்டீலில் அடித்த அரிவாளைப் பட்டறையில் எத்தனை முறை பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது கடினமாகாது. கடினமாவதற்கு வேண்டிய கரிமமே அதில் இல்லை. நம் ஊர்க் கொல்லர்கள் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது இதனால்தான். அந்தப் பட்டையில் கரிமம் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூடவே மாங்கனீசு, சிலிக்கான் அல்லது குரோமியமும் சேர்ந்திருக்கும். லாரியின் பாரத்தைத் தூக்கி வளைந்து நிமிர்ந்து பழகிய எஃகு அது.

தோய்த்து எடுத்த எஃகு கண்ணாடி போலக் கடினமாக இருக்கும். கண்ணாடி போலவே உடையவும் செய்யும். அதனால் கொல்லர் அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டுவார். அப்போது தேய்த்து வைத்த இடத்தில் நிறம் ஓடும். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். கூர் நிற்க வேண்டிய கருவிக்கு வைக்கோல் நிறத்திலேயே நிறுத்துவார்கள். அடி வாங்க வேண்டிய கருவிக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்கள். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான் அளவு. ராஜபாளையத்துக்குத் தெற்கே, ஸ்ரீவைகுண்டம் அருகேயுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோண்டியபோது இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் அள்ள அள்ள வந்தன. உலோகம் கலக்கும் வேலை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

இதில் விவசாயி கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, மின்சாரச் சாணைக்கல்லில் அரிவாள் தீட்டும்போது விளிம்பில் நீல நிறம் ஏறினால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பிறகு எவ்வளவு தீட்டினாலும் அரை நாளில் மழுங்கும். நீலம் ஏறிய பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தோய்க்க வேண்டும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கித் தீட்டச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு, உடைந்த மரப்பிடியை எடுப்பதற்காகக் கோடாரியையும் மம்பட்டியையும் அடுப்பில் போடுகிற பழக்கம். பிடி வெந்து வரும், அதோடு கருவியின் பதமும் வெந்துவிடும். ஆணி அடித்துத் தட்டி எடுங்கள். நேரம் ஆகும், ஆனால் கருவி மிஞ்சும்.

ரோட்டவேட்டர் பிளேடு இன்னும் நுட்பமானது. நல்ல பிளேடுகள் போரான் கலந்த எஃகில் செய்யப்படுகின்றன. ஒரு டன் எஃகுக்குச் சில பத்து கிராம் போரான்தான். தென்னைக்குப் போரான் சத்து எவ்வளவு குறைவாகப் போதுமோ அதே கதை இங்கும். அந்தச் சிறு அளவு, எஃகைத் தோய்க்கும்போது கடினம் மேலோடு நிற்காமல் உள்ளே வரை இறங்க உதவுகிறது. தேய்ந்த பிளேடின் நுனியில் சாதாரண வெல்டிங் ராடால் இரும்பை ஏற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. ஏற்றிய இரும்பு மென்மையானது, சில ஏக்கரில் தேய்ந்துவிடும். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் பிளேடு முறியவும் வாய்ப்புண்டு. சுழலும் வேகத்தில் முறிந்த துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. பிளேடு விலையில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில் வேண்டாம்.

பித்தளைக்குப் பகை மாட்டுத் தொழுவம்

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்தது கன்மெட்டல். ஒரு காலத்தில் பீரங்கி வார்க்கப் பயன்பட்டதால் வந்த பெயர். அந்தப் பழைய அளவு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். இன்று வால்வு, புஷ் போன்றவற்றில் அதிகம் புழங்குவது 85 பங்கு செம்போடு வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் மூன்றும் 5 பங்கு வீதம் கலந்தது.

கடையில் பித்தளை வால்வையும் கன்மெட்டல் வால்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பித்தளை எலுமிச்சை மஞ்சள். கன்மெட்டல் சற்றுச் சிவந்த பழுப்பு. இந்த நிற வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் விலை. உப்புக் கலந்த தண்ணீரில் கிடக்கும்போது பித்தளையில் இருக்கும் துத்தநாகம் மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும். வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் மஞ்சள் மாறி ஆங்காங்கே செம்பு நிறத் திட்டுகள் தெரியும். அந்த இடம் பஞ்சு போல ஆகிவிட்டது, ஸ்பேனர் போட்டுத் திருகினால் பொடிந்துவிடும். கன்மெட்டலில் துத்தநாகம் குறைவு என்பதால் இந்த நோய் அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மலையடிவாரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் பித்தளையே போதும். கிழக்கே கரிசல் காட்டில் தண்ணீர் உப்புக் கரித்தால் கன்மெட்டலுக்குப் பணம் கொடுப்பது நஷ்டமில்லை.

பித்தளையின் இன்னொரு பகையைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் துப்பாக்கித் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை, பெட்டியில் இருந்தபடியே வெடிப்பு. தோட்டாவின் உறை பித்தளை. மழைக்கு அவற்றைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, அழுத்தி வடித்த பித்தளையைப் பிளந்துவிட்டது. இந்தக் காரணம் ஆய்வில் தெளிவாக விளக்கப்பட்டது 1921-ல்தான்.

நம் வீட்டில் தெளிப்பான் எங்கே தொங்குகிறது? பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்தில்தான். இல்லாவிட்டால் யூரியா மூட்டையின் மேல். தெளிப்பானின் குழல், நாசில், வால்வு பல மாடல்களில் பித்தளை. யூரியா உலர்ந்திருக்கும் வரை தொல்லை இல்லை. ஈரமும் மண்ணும் சாணமும் பட்டால் அது அம்மோனியாவாக மாறத் தொடங்கும். திருகும் இடத்தில் மயிரிழை போல வெடித்து மருந்து கையில் வழிவதற்கு இது ஒரு காரணம். மருந்து கையில் வழிவது சின்ன விஷயமில்லை. தெளிப்பானைக் கழுவிக் காயவைத்து, தொழுவத்துக்கும் உரத்துக்கும் தள்ளி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

நாசில் பற்றியும் ஒரு வார்த்தை. நனையும் தூள் மருந்துகள் நுண்மணல் போல நாசில் துளையை அறுக்கும். பித்தளை நாசில் சீக்கிரம் தேயும், எவர்சில்வர் அதைவிட நாள்படும், பீங்கான் இன்னும் நாள்படும். தேய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. புது நாசிலில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடித்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அழுத்தத்தில் பழைய நாசிலை அளக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் கூடுதல் தண்ணீரோடு போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்து.

போர்டோ கலவையும் இரும்பு வாளியும்

தென்னையில் குருத்தழுகலுக்கும், தஞ்சாவூர் வாடலுக்கும், எலுமிச்சையில் பிசின் வடிதலுக்கும் போர்டோ கலவை பரிந்துரைக்கிறோம். 1885-ல் பிரான்சில் மில்லார்டே என்ற பேராசிரியர் திராட்சைக்காக அறிமுகப்படுத்தியது. இன்றும் மலிவான, நம்பகமான மருந்து. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. துத்தத்தைப் பாதித் தண்ணீரிலும் சுண்ணாம்பை மீதித் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும்.

"போர்டோ ஊத்தினேன் சார், கேக்கலை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது எந்தப் பாத்திரத்தில் கரைத்தார்கள் என்பதைத்தான். இரும்பு வாளி, தகர டிரம், ஜி.ஐ. தொட்டி என்று பதில் வந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. மயில் துத்தம் என்பது தண்ணீரில் கரையும் செம்பு. இரும்போ துத்தநாகமோ பட்டதும், அது கரைசலுக்குள் போய்விடும், கரைசலில் இருந்த செம்பு வாளியின் சுவரில் படிந்துவிடும். மருந்து வாளியில் ஒட்டிக்கொண்டது, மரத்துக்குப் போனது வெறும் நீலத் தண்ணீர். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் டிரம், செம்புப் பாத்திரம் இவற்றில் மட்டும் கரையுங்கள்.

இதே குணத்தை நமக்கு உதவியாகவும் திருப்பிக்கொள்ளலாம். கலந்து முடித்த கலவையில், நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும் கத்தியையோ அரிவாளையோ சிறிது நேரம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, கட்டுப்படாத துத்தம் மீதி இருக்கிறது, அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி பாருங்கள். அலகு வெள்ளையாகவே வந்தால் தெளிக்கலாம். கலந்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும். எவர்சில்வர் கத்தியில் இந்தச் சோதனை சரிவராது. சாதாரண இரும்புக் கத்திதான் வேண்டும்.

கிணற்றுக்குள் ஒரு டார்ச் பேட்டரி

பழைய டார்ச் லைட் பேட்டரியை உடைத்துப் பார்த்திருப்பீர்கள். வெளிக் கூடு துத்தநாகம். பேட்டரி தீரத் தீர அந்தக் கூடு அரித்து ஓட்டை விழும். இரண்டு வேறு பொருள்கள், நடுவில் உப்புக் கரைசல், இரண்டையும் இணைக்கும் ஒரு வழி. மின்சாரம் ஓடும், ஒன்று கரையும்.

கிணற்றுக்குள் கன்மெட்டல் ஃபுட் வால்வும் ஜி.ஐ. பைப்பும் மரை போட்டு இணைகிற இடமும் அப்படி ஒரு பேட்டரிதான். கரைவது எது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. துத்தநாகம் முதலில் கரையும், அடுத்து அலுமினியம், அடுத்து இரும்பு. பித்தளை, செம்பு, எவர்சில்வர் கடைசியில். வரிசையில் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாக முன்னால் இருப்பது அரிக்கும். ஃபுட் வால்வைக் கழற்றும்போது வால்வு புதிது போலவும் பைப்பின் மரை மட்டும் அரித்துப்போயும் இருப்பதற்கு விளக்கம் இதுதான். தண்ணீரில் உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். அந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப் கொடுத்து இரும்பையும் கன்மெட்டலையும் பிரித்துவிட்டால் பேட்டரி நின்றுவிடும். இன்று பலர் முழுக்கவே பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாய்க்கு மாறியதில் இந்தத் தொல்லை பாதி ஒழிந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பயிருக்காகப் பரிசோதிக்கும்போதே உப்பின் அளவும் குளோரைடும் தெரிந்துவிடும். அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகில் உள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ விசாரித்து அந்தத் தாளை வாங்கி வைத்திருங்கள். பம்பு வாங்கும்போதும் அதைக் கடையில் காட்டலாம்.

இதே பேட்டரி ஒரு இடத்தில் நமக்குக் காவலாகவும் நிற்கிறது. ஜி.ஐ. கம்பி என்பது துத்தநாகம் பூசிய எஃகு. வேலிக் கம்பியில் கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைத் துரு பிடிக்காமல் காக்கும். பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு ஆண்டு. விலை குறைந்த கம்பி பளபளவென்றுதான் இருக்கும், பூச்சுதான் மெல்லியதாக இருக்கும். இன்னொன்று: பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன ஜி.ஐ. போல்ட் போடாதீர்கள், போல்ட் சீக்கிரம் கரைந்துவிடும். பெரிய ஜி.ஐ. சட்டத்தில் சின்ன எவர்சில்வர் போல்ட் போடலாம். பாதகம் குறைவு.

மோட்டார் எரிவதிலும் இந்தக் கதைக்குப் பங்கு உண்டு. கம்பத்திலிருந்து வருவது அலுமினியக் கம்பி. மோட்டாருக்குப் போவது பெரும்பாலும் செம்பு. இரண்டையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், மழை ஈரத்தில் அலுமினியம் அரித்து, இணைப்பு தளர்ந்து, சூடேறும். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மூன்று ஃபேஸ் மோட்டார் காயில் கருகும். அலுமினியமும் செம்பும் சேருவதற்கென்றே ஒரு பக்கம் அலுமினியம், ஒரு பக்கம் செம்பாகச் செய்த இணைப்பான் கிடைக்கிறது. விலை காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம். காயிலுக்கும் செம்பா அலுமினியமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கனமுள்ள கம்பியில் அலுமினியம் கடத்தும் மின்சாரம் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான்.

பால் பாத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. பாலில் கலந்த உலோகம் போவதில்லை. பல லிட்டர் பாலில் இருந்தது ஒரு வாணலிக்குள் சேர்ந்துவிடும். அதனால் மாட்டின் மடியில் இருந்து வாணலி வரை பால் எந்தெந்த உலோகத்தைத் தொடுகிறது என்பது முக்கியம்.

முதலில் செம்பும் பித்தளையும். மிகச் சிறிதளவு செம்பு, பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகப் பாலில் சேர்ந்தாலே கொழுப்பு கெட்டு அட்டை வாடை போன்ற ஒரு வாடை வரும். பால் திரிந்திருக்காது, ஆனால் ருசி போயிருக்கும். பூச்சு இல்லாத பித்தளைச் செம்பில் கறப்பது, பித்தளைக் குழாய் வழியாகப் பால் விடுவது இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

எவர்சில்வரே சிறந்தது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகுக்குத்தான் அந்தப் பெயர். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஏட்டை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. பால் பண்ணைகளுக்கு ஏற்றது 304 என்ற ரகம். அதில் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். நிக்கல் விலை அதிகம். அதைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியவை 200 வரிசை ரகங்கள். தட்டு, டம்ளருக்கு அவை பரவாயில்லை. ஆனால் உப்பும் புளிப்பும் தொடர்ந்து பட்டால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

"காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்" என்று கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். இது பாதி உண்மை. 304-லும் ஒட்டாது, 200 வரிசையிலும் ஒட்டாது. காந்தம் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பழைய எவர்சில்வர் எடுக்கும் கடைக்காரர்கள் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, சிறு பேட்டரியால் தொட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாங்கனீசு அதிகமுள்ள ரகம் அதில் சிவக்கும். பெரிய கேனாக, அதிலும் சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கும்போது இந்தச் சோதனையைக் கேளுங்கள். பில்லில் 304 என்று எழுதித் தரவும் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எவர்சில்வருக்கும் பகை உண்டு. பிளீச்சிங் கரைசலை இரவு முழுக்க ஊறவிட்டால் ஊசித்துளை விழும். சில நிமிடம் வைத்து நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். நாரின் துகள் ஒட்டிக்கொண்டு அது துருப்பிடிக்கும், பழி கேனுக்குப் போகும். அலுமினியக் கேனுக்குப் பிளீச்சிங்கோடு சலவைச் சோடாவும் ஆகாது. கறுத்து அரித்துவிடும். மென்மையான சோப்புத் தூளே போதும். அலுமினியத்தில் பால் எடுத்துப் போகலாம், மோரும் தயிரும் வைக்கக் கூடாது.

வயலுக்கு மோர் கொண்டுபோகும் ஜி.ஐ. வாளி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். புளித்த மோர், எலுமிச்சை, புளி பட்டால் வாளியின் துத்தநாகம் கரைந்து மோரில் இறங்கும். குடித்த சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்று வலியும் வரலாம். வெயில் மேல் பழி போட்டுவிடுவோம். ஆட்களுக்கு மோர், கூழ் கொடுக்க எவர்சில்வர் தூக்கோ மண்பானையோ பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஈயம். தமிழில் ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கு ஓடுகிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். அது உணவுக்குத் தீங்கில்லாதது. காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படம் எங்கே நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காரீயம் தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல் எடை, வெள்ளீயம் 7 மடங்குக்குச் சற்று மேல். சொம்பு அளவுக்கு மீறிக் கனத்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு இழுக்கும். கோடு விழவில்லை என்பதால் மட்டும் கலப்படம் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பூச்சு போடுபவரிடம் வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கண்ணெதிரே பூசச் சொல்லுவது நல்லது. ஒழுகும் பால் கேனுக்கு ரேடியோ பழுதுபார்க்கும் ஈயக் கம்பியால் பற்றுப் போடுகிறார்கள். அந்தக் கம்பியில் வழக்கமாக 40 சதவீதம் வரை காரீயம். பால் கேனுக்கு அது கூடவே கூடாது.

பழைய சாமானைக் கடையில் போடும்போது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி இரும்பு விலைக்கு எடை போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாததை எல்லாம் தனியே எடுத்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து உள்நிறம் பாருங்கள். மஞ்சள் பித்தளை, சிவந்த பழுப்பு கன்மெட்டல், நல்ல சிவப்பு செம்பு, வெள்ளையாகக் கனமில்லாமல் இருந்தால் அலுமினியம், வெள்ளையாகக் கனத்தால் பெரும்பாலும் எவர்சில்வர். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கருகிய மோட்டாரின் பழைய காயிலை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வருவதும் வழக்கமாக இருக்கிறது. அது செம்பாக இருந்தால், புதுக் காயில் கட்டும் கூலியில் ஒரு பகுதி அந்தக் குப்பையிலேயே இருக்கிறது. எடை போட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.